நாற்காலியும் நாவும்: ப. தனபாலின் சட்டமன்ற வாழ்வை முன்வைத்து

(அண்ணல் அம்பேத்கர் நினைவுநாள் சொற்பொழிவின் எழுத்து வடிவம், உடுமலைப்பேட்டை)



அண்ணலின் நினைவு நாளில் ஒரு சட்டமன்ற உறுப்பினரைப் பற்றி ஏன் பேசுகிறோம் என்று சிலர் கேட்டார்கள். 1932 செப்டம்பரில் புனாவில் கையெழுத்தான ஒப்பந்தத்தின் பலனும் வலியும் ஒருசேரத் தெரிகிற வாழ்க்கை அது. அதனால்தான் பேசுகிறோம்.

ப. தனபால் அருந்ததியர் சமூகத்திலிருந்து வந்தவர். 1977, 1980, 1984, 2001 தேர்தல்களில் சங்ககிரி, 2011இல் ராசிபுரம், 2016லும் 2021லும் நம் மாவட்டத்து அவிநாசி என ஏழு முறை அ.தி.மு.க. சார்பில் வென்றார். ஏழு முறையும் தனித்தொகுதி. தொகுதி மறுசீரமைப்பில் சங்ககிரி பொதுத்தொகுதியானதும் அவர் ராசிபுரம் போனார். அத்தனை ஆண்டு உழைத்த ஊர் பொதுவானதும் தலித் பிரதிநிதி வேறு ஊர் தேட வேண்டியிருக்கிறது. இதை நாம் கவனித்திருக்கிறோமா?

2012 அக்டோபரில் அவர் சட்டப்பேரவைத் தலைவரானார். 1946 முதல் 1955 வரை ஜெ. சிவசண்முகம் பிள்ளை அமர்ந்த நாற்காலி அது. ஒரு தலித் மீண்டும் அதில் அமர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. அன்று நம் தெருக்களில் ஏற்பட்ட மகிழ்ச்சி உண்மையானது. அதை யாரும் கேலி செய்ய வேண்டாம். தேநீர்க் கடையில் தனிக்குவளை பார்த்த தலைமுறைக்கு, அவை முழுவதும் எழுந்து நிற்க ஒரு அருந்ததியர் உள்ளே வருவது சின்ன விஷயமல்ல.

ஆனால் அந்த நாற்காலிக்கு ஒரு விதி இருக்கிறது. அதில் அமர்பவர் விவாதத்தில் கலந்துகொள்ள மாட்டார். இரு பக்கமும் சமமானால் தவிர வாக்களிக்கவும் முடியாது. பேசுகிறவர்களுக்கு நேரம் ஒதுக்கலாம். தம் மக்களுக்காகத் தாமே பேச இயலாது. மரியாதை கிடைத்தது, நாக்கு கட்டப்பட்டது.

2016 மார்ச் 13 அன்று, இதே ஊரின் பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். சாதி மாறித் திருமணம் செய்ததுதான் அவர் செய்த குற்றம். இரண்டு மாதத்தில் தேர்தல் வந்தது. தனபால் அவிநாசியில் வென்று மீண்டும் பேரவைத் தலைவரானார். அந்தப் பேரவையின் ஐந்தாண்டுகளில் ஆணவக் கொலைக்கென்று ஒரு தனிச்சட்டம் வரவில்லை. இந்தப் பழியை அவர் ஒருவர் தலையில் கட்டுவது நியாயமல்ல. மசோதா கொண்டுவர வேண்டியது அரசு. கேட்டு வாங்க வேண்டியவர்கள் உறுப்பினர்கள். 44 தனித்தொகுதிகளிலிருந்து போனவர்கள் ஒரே குரலில் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதே நம் கேள்வி.

2017ஐ நினைத்துப் பாருங்கள். பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பில் அவருடைய நாற்காலியில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் ஏறி அமர்ந்தார்கள். தன் சட்டை கிழிக்கப்பட்டதாக அவர் அவையிலேயே சொன்னார். ஆகஸ்டில் கட்சிக்குள் பிளவு முற்றியபோது, தனபாலை முதல்வராக்கலாம் என்று ஒரு தரப்பு பேசியது. இன்றுவரை ஒரு தலித் முதல்வரைக் காணாத மாநிலத்தில், அந்தப் பேச்சு கட்சிச் சண்டையில் வீசப்பட்ட ஒரு சீட்டாக மட்டுமே இருந்தது. செப்டம்பர் 18 அன்று அதே தரப்பின் 18 உறுப்பினர்களை அவர் தகுதிநீக்கம் செய்தார். 2018 அக்டோபரில் உயர்நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. ஆட்சி பிழைத்தது. அந்த ஆட்சியைக் காத்த கையெழுத்து ஒரு தலித்துடையது. அதற்கு ஈடாக நம் சமூகம் என்ன பெற்றது?

அருந்ததியருக்குக் கிடைத்த பெரிய சட்டம், 18 விழுக்காட்டுக்குள் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு, 2009இல் வந்தது. அப்போது தனபால் அவையில் இல்லை. தெருவில் நடந்த போராட்டங்கள் அந்தக் கோரிக்கையை அவைக்குள் கொண்டுபோயின; நீதிபதி ஜனார்த்தனம் குழு அதை ஆராய்ந்தது; கலைஞர் அரசு சட்டமாக்கியது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்சநீதிமன்றம் உள் ஒதுக்கீட்டை ஏற்றது.

அந்தப் போராட்டத்தின் முன்வரிசையில் நின்றவர்களில் ஒருவர் ஆதித்தமிழர் பேரவையின் அதியமான். 2021இல் அவர் அவிநாசியில் தனபாலை எதிர்த்து நின்றார், அதுவும் தி.மு.க.வின் சின்னத்தில். தோற்றார். இயக்கத்துக்காரரும் கட்சிக்காரரும் ஒரே சமூகம். இருவர் கையிலும் இருந்தது இரவல் சின்னம். வெற்றியைத் தீர்மானித்ததோ பெரும்பான்மையாக உள்ள பிற சாதி வாக்குகள். தனித்தொகுதியில் நாம் நிற்கலாம். யார் வெல்வது என்பதை நாம் மட்டும் தீர்மானிக்க முடியாது. புனா ஒப்பந்தத்தில் அண்ணல் கண்ட ஆபத்து இதுதான்.

ஆகவே தனபாலை நாம் தூற்றவும் இல்லை, சிலையாக்கவும் இல்லை. ஏழு முறை வென்று அந்த உயரத்துக்குப் போனது அவருடைய உழைப்பு. அந்த உயரத்திலிருந்து எதுவும் கீழே இறங்கி வராதது இந்த ஏற்பாட்டின் குறை. மாணவர்களே, அடுத்த முறை உங்கள் தொகுதிக்காரர் வாக்குக் கேட்டு வரும்போது சாதியையும் சின்னத்தையும் மட்டும் பார்க்காதீர்கள். அவையில் என்ன கேட்டீர்கள், எத்தனை முறை கேட்டீர்கள் என்று கேளுங்கள். பேருந்து நிலையம் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே சிந்திய ரத்தத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

ஜெய்பீம்.