பிரிவு 11-உம் பால்வாடி டீச்சரும்



இத்துறையில் என்னினும் மூத்தோர் முன்வரிசையில் அமர்ந்திருக்க, தலைமைப் பொறுப்பை எனக்குத் தந்திருக்கிறீர்கள். நன்றியோடும் சற்றுத் தயக்கத்தோடும் ஏற்கிறேன். 'முன்பருவக் கல்வியில் அரசின் பங்கு' என்பது மாநாட்டுப் பொருள். 1975 அக்டோபர் 2-இல் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் வரலாற்றை இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அமர்வுகள் அதை விரிவாகப் பேசும். நான் ஒரு சட்ட முரணையும், நாம் படிக்காமல் விட்ட ஒரு தீர்ப்பையும் எடுத்துக்கொள்கிறேன்.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, 3 வயது நிறைந்த குழந்தைகளுக்கு இலவச முன்பருவக் கல்வி தர அரசு ஏற்பாடு செய்யலாம் என்கிறது. செய்யாவிட்டால் கேட்பாரில்லை. அடுத்த பிரிவோ, தனியார் பள்ளியில் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கியே ஆகவேண்டும் என்கிறது. அங்கே எல்.கே.ஜி. இருந்தால் ஒதுக்கீடும் எல்.கே.ஜி.யிலேயே தொடங்கும், செலவை அரசு ஈடுகட்டும். ஆக, ஏழைக் குழந்தை தனியார் எல்.கே.ஜி.யில் சேர்ந்தால் பணம் கட்டுவது அரசின் கடமை. அதே குழந்தை தெருமுனை அங்கன்வாடிக்கு வந்தால் அதற்குக் கல்வி தருவது அரசின் விருப்பம்!

உரிமை 6 வயதில்தான் தொடங்குகிறது என்று வாதத்தை முடித்துவிடும் நண்பர்கள் இங்கே உண்டு. அவர்கள் புலமையை மதிக்கிறேன். முடிவை ஏற்க இயலவில்லை. அரசமைப்பின் 45-ஆம் கூறு முதலில் 14 என்னும் மேல்வரம்பை மட்டுமே சொன்னது. 1993 உன்னிகிருஷ்ணன் தீர்ப்பும் அவ்வழியே சென்றது. 6 என்னும் கீழ்வரம்பைப் போட்டது 2002-இன் 86-ஆம் திருத்தம். திருத்தத்தால் வந்த வரம்பைத் திருத்தத்தால் நீக்கவும் முடியும்.

இனி அந்தத் தீர்ப்பு. 2022 ஏப்ரலில், மணிபென் வழக்கில், அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்றது உச்ச நீதிமன்றம். தொழிலாளர் வழக்கென்று நாம் அதை ஒதுக்கிவிட்டோம். அங்கன்வாடிகள் முன்பருவக் கல்வி அளித்து 11-ஆம் பிரிவின் பணியையே செய்கின்றன என்பதும் அதே தீர்ப்பில் உள்ளது. அங்கன்வாடி வெறும் சத்துணவுக் கூடம் என்று முந்தைய மாநாடுகளில் அடித்துப் பேசியோர் அப்பகுதியை ஒருமுறை படிக்க வேண்டுகிறேன்.

காலை 11 மணிக்கு, உதவியாளர் இடம் காலியாக இருக்கும் ஒரு மையத்துக்குப் போய்ப் பாருங்கள். டீச்சரே அரிசி களைந்து உலையில் போடுகிறார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போஷன் டிராக்கர் செயலியில் எடையை ஏற்றுகிறார். 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற நல்ல பாடத்திட்டம் கையில் இருக்கிறது; நடத்த நேரமில்லை. தமிழ்நாட்டில் அவருக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம் உண்டு; ஆசிரியர் என்னும் நிலை இல்லை.

கட்டாயமில்லாத கடமை என்னவாகும் என்பதையும் பார்த்தோம். 2019-இல் தமிழ்நாட்டில் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கின. 2022-இல் ஆசிரியர்களைத் தொடக்க வகுப்புகளுக்குத் திருப்ப முடிவெடுத்ததும் அவை ஆட்டம் கண்டன. எதிர்ப்பு எழுந்த பிறகே தொடர்ந்தன.

எனவே இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். 11-ஆம் பிரிவு அரசைக் கட்டுப்படுத்தும்படி திருத்தப்பட வேண்டும். அங்கன்வாடியில் கற்பிப்பவருக்கு ஆசிரியர் நிலையும் அதற்குரிய ஊதியமும் வேண்டும். மறுப்போர் தாராளமாக எழுந்து பேசலாம். தனியார் வகுப்புக்குக் கட்டாயமாகச் செலவிடும் அரசு, தன் சொந்த வகுப்பை மட்டும் ஏன் விருப்பத்துக்கு விட வேண்டும் என்பதற்கு முதலில் அவர்கள் விடை சொல்லட்டும்.