நம்ம தலைக்கு மேல ஒரு நீரூற்று

நான் சிவகாசிக்காரன். எங்க ஊர் ராக்கெட் நூறு மீட்டர் போனாலே எங்களுக்குப் பெருமை. இன்னைக்குப் பேசப்போறது சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அயனி மண்டலம் பற்றி.

புவியின் காந்த நடுக்கோடு தென்தமிழ்நாட்டை ஒட்டித்தான் போகுது. திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் ஆய்வகம் வச்சது அதனாலதான். பகலில் எலக்ட்ரான்கள் இங்கே மேலெழும்பி, காந்தக் கோடுகள் வழியா வடக்கேயும் தெற்கேயும் சரியுது. ஆக, அடர்த்தி அதிகம் நமக்கு மேல இல்லை, இருபக்கமும்தான்.

அந்தப் பட்டைகளில் நாலு மேடுகள் இருப்பதை 'இமேஜ்' செயற்கைக்கோள் காட்டியது. 2006-ல் சொன்ன காரணம்: வெப்பமண்டல இடிமழை கிளப்பும் காற்றலைகள்!

பொழுது சாய்ஞ்சதும் அங்கே குமிழிகள் எழும்பி ஜிபிஎஸ் சிக்னலைக் குலைக்கும். ராத்திரி கடலுக்குப் போற மீனவருக்கு இது வெறும் பாடமில்லைங்க.