எதுகை தேடும் வழி

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)





பாட்டுக் கட்டுவோர் படும் பாடு ஒன்றைக் குறித்துச் சில வார்த்தைகள் கூற விழைகின்றோம். வைகாசி பிறந்தால் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் பாட்டு வேண்டும். சங்க விழா வந்தால் கும்மிக்கும் கோலாட்டத்துக்கும் பாட்டு வேண்டும். பொருள் நெஞ்சில் நிற்கின்றது, முதலடியும் வந்துவிடுகின்றது. இரண்டாம் அடிக்கோ எதுகை வரமாட்டேன் என்கின்றது. அப்பொழுது அகப்பட்ட சொல் ஒன்றை இழுத்துவந்து நிறுத்திவிடுகின்றோம்.

நாமும் அவ்வாறு செய்தவர்களே. காலபோக அறுவடையைப் பாடும் கும்மி ஒன்றை ஒருமுறை கட்டினோம். 'காலை' என முதலடி தொடங்கிற்று. அடுத்த அடிக்குப் 'பாலைப்பழம்' என்று போட்டோம். எதுகை இனிது பொருந்திற்று என்று மகிழ்ந்து, கமக்காரர் ஒருவருக்குப் பாடிக் காட்டினோம். அவர் சிரித்தார். "தம்பிமார், எதுகை சரி, மாதம் பிழை. அறுவடை மாசியிலே, பாலை பழுக்கிறது கோடையிலே" என்றார். பின்னர் அவரே, "அன்று வெட்டினதை மாலைக்குள்ளே சூடு வைக்கவேண்டாமோ?" என்று கேட்டார். நாம் தேடிய எதுகை அங்கே கிடந்தது. காலைக்கு மாலை! சொல் எமக்குத் தெரியாததன்று, தொழில்தான் தெரியவில்லை.

இனி, தேடும் முறையைக் காண்போம். ஆங்கிலப் பாட்டில் ஒலியொப்புமை பெரும்பாலும் அடியின் கடைசியில் நிற்கும். தமிழில் அதற்கு இயைபு என்று பெயர். ஆனால் நமது செவி முதலில் கேட்பது அடியின் தொடக்கத்தையே. முதலெழுத்து ஒன்றுவது மோனை; இரண்டாம் எழுத்து ஒன்றுவது எதுகை. எதுகைக்கு ஒரு நிபந்தனை உண்டு. முதலெழுத்துக் குறிலாயின் குறிலோடும், நெடிலாயின் நெடிலோடுமே அது சேரும். 'குளம்' என்பதற்குக் 'களம்' எதுகையாகும், 'தாளம்' ஆகாது.

ஆகவே 'குளம்' என்ற சொல்லுக்கு எதுகை வேண்டுமாயின், 'ளம்' என்பதை அசையாது நிறுத்தி, முன்னெழுத்தை மாத்திரம் அகரம் முதலாக மாற்றிப் பாருங்கள். அளம், இளம், உளம், களம், தளம், வளம் என வரிசையாக வரும். அளம் என்பது உப்பு விளையும் நிலம். ஆனையிறவிலே உள்ளது அதுதான். குளம், களம், வளம் என்ற மூன்றும் வன்னிக் கமக்காரனின் வாழ்வையே சொல்லிவிடுகின்றன. இவ்வாறே 'முதிரை' என்று நம் காட்டு மரத்தைப் பாடினால், 'குதிரை' வரும், 'கதிரை'யும் வரும். முதலெழுத்து நீங்கலாகச் சீர் முழுவதும் ஒன்றி வருவதைத் தலையாகெதுகை என்பர்.

எதுகை கிட்டாதவிடத்து மோனை கை கொடுக்கும். மோனைக்கு இனவெழுத்துக்கள் உண்டு. அ, ஆ, ஐ, ஔ ஓரினம். இ, ஈ, எ, ஏ ஓரினம். உ, ஊ, ஒ, ஓ ஓரினம். மெய்களுள் சகரமும் தகரமும், ஞகரமும் நகரமும், மகரமும் வகரமும் தம்முள் உறவுடையன. வயல், வரம்பு, வாய்க்கால், மழை, மாடு, மண் என்று எண்ணிப் பாருங்கள். உழவர் தொழிற் சொற்கள் தாமாகவே மோனையில் நிற்கின்றன! நாற்சீரடியில் முதற் சீரிலும் மூன்றாஞ் சீரிலும் மோனை அமைந்தால், அது பொழிப்பு மோனை. பாடுவோர்க்கு அதுவே போதிய துணையாகும்.

நம் முன்னோர் இத்தேடலுக்கு நூலே செய்து வைத்தனர். சீனர் 601ஆம் ஆண்டில் தொகுத்த 'சியேயுன்' என்னும் நூல் சொற்களை இறுதியொலிப்படி வகுத்தது. நம்மவரோ இரண்டாம் எழுத்தின்படி வகுத்தனர். 16ஆம் நூற்றாண்டில் மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி, ககர எதுகை முதலாக எதுகை முறையில் அமைந்தது. அதனைத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் நெட்டுருப் பண்ணினர். நல்லூர் ஆறுமுக நாவலர் அந்நிகண்டை உரையோடு 1849ஆம் ஆண்டிலே அச்சேற்றினார். வீரமாமுனிவர் 1732ஆம் ஆண்டில் இயற்றிய சதுரகராதியின் நான்காம் பிரிவுக்குத் தொடையகராதி என்றே பெயர். எதுகைச் சொற்களைத் திரட்டித் தருவதே அதன் நோக்கம்.

அந்நூல்கள் போற்றத்தக்கன. ஆயினும் 'உப்பட்டி'யும் 'சூடும்' 'பொலியும்' நம் கமக்காரர் வழங்கும் பொருளில் வேண்டுமாயின், அவர்களையே கேட்கவேண்டும். பண்டிப் பள்ளும் குருவிப் பள்ளும் பாடிய மக்கள் காட்டுப் பன்றியையும் குருவியையும் அறிந்து பாடினர். எதுகையும் மோனையும் அவர்களுக்கு அத்தொழிலினின்றே கிடைத்தன.

இன்று அச்சொற்களுக்கு இரண்டு இடையூறுகள் நேர்ந்துள்ளன. 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தபொழுது, வீட்டோடு ஏடும் கொப்பியும் போயின. அவற்றைப் பாடத் தெரிந்த பலரும் போயினர். இது ஒன்று. இப்பொழுது வயலில் இறங்கும் இயந்திரம் வெட்டும் வேலையையும் சூடடிக்கும் வேலையையும் ஒருங்கே முடித்துவிடுகின்றது. கமக்காரரின் உடல் நோவு குறைந்தது. அதனை நாம் குறைகூறோம். ஆனால் உப்பட்டி போட்டுச் சூடு வைக்கும் வேலை போனால், அச்சொற்களும் பிள்ளைகள் வாயினின்று போய்விடும். இது மற்றொன்று.

ஆதலின், இளைஞர்களே, ஒரு வேண்டுகோள். சங்கத்தில் பெரிய கொப்பி ஒன்றை வைப்போம். இரண்டாம் எழுத்தின்படி பக்கம் வகுப்போம். ஒவ்வொருவரும் தத்தம் வீட்டு அப்புவிடமும் ஆச்சியிடமும் கேட்டு வாரம் ஐந்து சொல் கொண்டுவருவோம். சொல்லை எழுதி, அதன் பொருளையும், எந்த மாதத்து வேலைக்கு உரியது என்பதையும் பக்கத்தில் குறிப்போம். அடுத்த பொங்கலுக்குப் பாட்டுக் கட்டுவோர் அக்கொப்பியைத் திறக்கட்டும். பெரியோர்களே, பிள்ளைகள் கேட்டு வரும்பொழுது, "இது எதற்கு உங்களுக்கு?" என்று தட்டிக் கழிக்காதீர்கள். உங்களிடம் உள்ள சொற்களை வேறெவரும் எமக்குத் தரமாட்டார்கள்.

பாட்டுக் கட்டுவோர் முதலில் பொருளை நிச்சயிக்கவேண்டும். அப்பொருளுக்கு உரிய தொழிலுக்குள்ளேயே எதுகையைத் தேடவேண்டும். கட்டி முடிந்ததும் அத்தொழில் தெரிந்த ஒருவருக்குப் பாடிக் காட்டவேண்டும். அவர் சிரித்தால் வெட்கப்படாமல் திருத்தவேண்டும். எமக்கு மாலை என்ற சொல் கிடைத்தது அந்தச் சிரிப்பினாலேதான்.