வில்லங்கம் பார்ப்பதும் இண்டெக்ஸ் போடுவதும்

போன எபிசோடில் டேபிள் வடிவமைப்பு பற்றிப் பேசினோம். இன்னைக்கு இண்டெக்ஸ். நான் சாத்தான்குளத்தில் உட்கார்ந்து பேசுறேன், அதனால எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச பத்திர ஆபீஸ்ல இருந்து ஆரம்பிக்கலாம்.

நிலம் வாங்குறவங்க முதல்ல வில்லங்கம் போட்டுப் பார்ப்பாங்க, இல்லையா? அதுக்கு அடிப்படை 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டம். அதோட 55-வது பிரிவுல இண்டெக்ஸ்னே பேர் சொல்லி எழுதியிருக்கு. நிலப் பத்திரங்கள் முதல் புத்தகத்துல வந்த வரிசையிலேயே ஏறும். அதுக்கு ரெண்டு இண்டெக்ஸ். ஒண்ணாவது எழுதிக் கொடுத்தவர், வாங்கினவர் பேரை வெச்சு. ரெண்டாவது சொத்தை வெச்சு. இது இல்லைன்னா ஒரு சர்வே நம்பருக்காகப் புத்தகம் முழுக்கப் புரட்டணும். டேட்டாபேஸ்ல அதுக்குப் பேர் சீக்வென்ஷியல் ஸ்கேன்.

இதுலயே ரெண்டு பாடம் இருக்கு. ஒண்ணு, ஒரு பத்திரம் பதிவானா இண்டெக்ஸ்லயும் எழுதணும். அந்த வேலை சும்மா வராது. டேபிள்ல பத்து இண்டெக்ஸ் இருந்தா, ஒவ்வொரு இன்சர்ட்டுக்கும் பத்து இடத்துல கூடுதல் எழுத்து. ரெண்டு, ஊர் பேர் சொல்லாம சர்வே நம்பர் மட்டும் சொன்னா யாராலயும் தேட முடியாது. ஒவ்வொரு ஊர்லயும் அதே நம்பர் இருக்கும். ரெண்டு காலம் சேர்த்துப் போடுற இண்டெக்ஸும் அப்படித்தான். வாடிக்கையாளர், தேதி என்ற வரிசையில போட்டா, வாடிக்கையாளரை வெச்சுத் தேடலாம். தேதியை மட்டும் வெச்சுத் தேடினா பெரும்பாலும் உதவாது.

இப்போ நான் பட்ட கதை. ஒரு மொத்த மளிகைக் கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செஞ்சு கொடுத்திருந்தேன். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். பாக்கி பார்க்கிற ஸ்கிரீன் மெதுவாச்சு. குலசை தசரா சமயம், கடையில நல்ல கூட்டம். நான் வீட்ல இருந்தே கிரியேட் இண்டெக்ஸ் அடிச்சேன். சின்ன டேபிள்தானே, சில விநாடில முடிஞ்சிரும்னு நினைப்பு.

உடனே போன். "தம்பி, பில்லு ஏறவே மாட்டேங்கு. ஆளுங்க வரிசையில நிக்காங்க."

பழைய பில்லைப் பார்க்க முடியுது, புதுசு போட முடியல. அண்ணாச்சி துண்டுத்தாள்ல கையால எழுத ஆரம்பிச்சுட்டார். காரணம் கண்டுபிடிக்க எனக்கு இருபது நிமிஷம் ஆச்சு. ஒரு கவுண்டர்ல பாதி போட்ட பில் கமிட் ஆகாம திறந்தே கிடந்துது. என் இண்டெக்ஸ் கட்டளை அது முடியக் காத்திருக்கு. புது பில் எல்லாம் என் கட்டளைக்குப் பின்னால காத்திருக்கு. கட்டளையை ரத்து பண்ணதும் எல்லாம் ஓடிருச்சு. துண்டுத்தாள் பில்களை ராத்திரி நானே உட்கார்ந்து ஏத்தினேன்.

அதுக்கப்புறம் என் வழக்கம் இதுதான். முதல்ல எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் ஓட்டி, நேரம் எங்க போகுதுன்னு பார்ப்பேன். கடை அடைச்ச பிறகு கிரியேட் இண்டெக்ஸ் கன்கரன்ட்லி போடுவேன். அது அதிக நேரம் எடுக்கும், ஆனா எழுதுறதைத் தடுக்காது. டிரான்சாக்‌ஷனுக்குள்ள வெச்சு ஓட்ட முடியாது. பாதியில தோத்தா இன்வேலிட்னு ஒரு இண்டெக்ஸ் மிஞ்சும், அதை டிராப் பண்ணிட்டுத் திரும்பப் போடணும். மாசம் ஒருதடவை எந்த இண்டெக்ஸ் எத்தனை தடவை பயன்பட்டிருக்குன்னு புள்ளிவிவர வியூவில் பார்ப்பேன். பூஜ்யம்னு இருந்தா, அது பிரைமரி கீயோ யுனிக்கோ இல்லைன்னா, எடுத்துருவேன்.

இண்டெக்ஸ் போடுறது ஒரு வரி. எப்போ போடுறோம், யார் அந்த நேரத்துல கவுண்டர்ல நிக்கிறாங்கன்னு யோசிக்கிறதுதான் நம்ம வேலை. அடுத்த எபிசோடில் பேக்கப் பற்றிப் பேசலாம்.