எந்தத் தெருன்னு கேக்காத பஸ்

(சென்னைக்குப் படிக்கவும் வேலைக்கும் போகும் மாணவர்களுக்காகக் குலசேகரன்பட்டினத்தில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



விடுதலை பேசுற கூட்டத்துல இவன் பஸ் நம்பரும் ரயில் ரூட்டும் சொல்ல வந்திருக்கானேன்னு சில பேர் நினைக்கலாம். சொல்லத்தான் வந்திருக்கேன். ஒடுக்கப்பட்டவனுடைய வரலாற்றில் பாதி, அவன் எங்கே நடக்கலாம், எதில் ஏறலாம், யார் பக்கத்தில் உட்காரலாம் என்பதுதான்.

நம்ம முத்தாரம்மன் தசராவையே எடுத்துக்குங்க. காளி வேஷம், குறத்தி வேஷம், போலீஸ் வேஷம் கட்டினவங்க அந்தப் பத்து நாளும் எந்த பஸ்ஸிலும் ஏறுறாங்க. யாரும் எந்தத் தெருன்னு கேக்கிறதில்ல, காணிக்கை போட்டுக் கும்பிடுறான். பத்து நாள் கழிஞ்சு வேஷத்தைக் கலைச்சதும் பழைய கேள்வி வந்திரும். “எந்த ஊரு தம்பி? அங்க எந்தத் தெரு?” வேஷம் இல்லாம, சொந்த முகத்தோட, அந்தக் கேள்வி இல்லாம ஒரு மனுசன் பயணம் போக முடியுமா? இன்னைக்கு நான் பேச வந்தது இவ்வளவுதான்.

1901இல் ஒரு சிறுவன், ஒன்பது பத்து வயசிருக்கும், அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறான். அப்பா வேலை பார்க்கும் கோரேகானுக்குப் போகணும். மகர் சாதி என்று தெரிந்ததும் மாட்டுவண்டிக்காரர்கள் யாரும் ஏற்ற மாட்டேன் என்கிறார்கள். கடைசியில் ஒருவன் இரட்டைக் கூலிக்குச் சம்மதித்தான். வண்டியைப் பிள்ளைகளே ஓட்டணும், அவன் கூடவே நடந்து வருவான். ராத்திரி முழுக்க குடிக்கத் தண்ணி கிடையாது. அந்தச் சிறுவன்தான் அம்பேத்கர். 1929இல் அவர் பாரிஸ்டர், பம்பாய் அரசு போட்ட குழுவின் உறுப்பினர். சாலிஸ்கானில் அப்போதும் குதிரைவண்டிக்காரன் அவருக்கு ஓட்ட மறுத்தான். ஓட்டத் தெரியாத நம்ம ஆள் ஒருத்தர் ஓட்டி, வண்டி விபத்தாகி, அவர் கால் முறிந்தது. படிப்பும் பட்டமும் வந்த பிறகும் வண்டி வரவில்லை.

நம்ம பக்கம் மட்டும் என்ன? இராமநாதபுரம் மாவட்டத்தில் தனியார் பஸ்களில் தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மாட்டோம் என்று ஒரு காலத்தில் வெளிப்படையாகவே வைத்திருந்தார்கள். 1920களின் கடைசியில் மாவட்ட போர்டு தலைவராக இருந்த சௌந்தரபாண்டியனார், ஏற்றாத பஸ்ஸுக்கு உரிமம் ரத்து என்று உத்தரவு போட்ட பிறகுதான் கதவு திறந்தது. முதலாளி மனசு மாறித் திறக்கல. உரிமம் போயிரும்னு பயந்து திறந்தான். இதை மறந்திராதீங்க.

1997இல் விருதுநகரில் தொடங்கிய போக்குவரத்துக் கழகத்துக்கு மாவீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தார்கள். கட்டபொம்மனோடு நின்று வெள்ளைக்காரனை எதிர்த்தவர், நம்ம மாவட்டத்துக் கவர்னகிரிக்காரர். அந்தப் பெயர் எழுதின பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியார் கிளம்பினார்கள், கலவரம் ஆனது. கடைசியில் அரசு எல்லாத் தலைவர்கள் பெயரையும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. நம்ம பெயர் ஒண்ணு ஏறினதுக்கு, எல்லாப் பெயரையும் இறக்கினார்கள். அதே வருஷம் ஜூன் 30இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் கூட வந்தவர்களையும் வெட்டிக் கொன்றது பஸ்ஸை மறித்துத்தான். பழைய கதைன்னு சொல்லாதீங்க. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம், பதினொன்றாம் வகுப்புப் பரீட்சை எழுதப் போன நம்ம பிள்ளையைப் பஸ்ஸை மறித்து இறக்கி, கை விரல்களை வெட்டினார்கள்.

இப்படி ஒரு மண்ணிலிருந்துதான் நீங்க மெட்ராஸுக்குப் போறீங்க.

நான் முதல்முதலா அங்க பஸ் ஏறின அன்னைக்கு நடந்ததைச் சொல்றேன். கூட்டம்னா கூட்டம், மூச்சு விட இடமில்ல. ஒரு சீட்டு காலியாச்சு. பழக்க தோஷம், நான் உக்காராம நின்னேன். பக்கத்துல வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர், “உக்காருப்பா, ஏன் நிக்கிறே”ன்னு தள்ளி உக்காந்தார். கண்டக்டர் வந்தார். “எங்க போணும்?” அவ்வளவுதான். எங்கிருந்து வர்றேன்னு கேக்கல. அன்னைக்கு ராத்திரி படுத்துக்கிட்டு அந்த ஒரு கேள்வியையே நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

அதனால ரூட்டைச் சொல்றேன், குறிச்சுக்குங்க. தென்மாவட்டத்து அரசு பஸ் இப்போ கோயம்பேடு போகாது. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் நிலையம் திறந்துட்டாங்க, அங்கதான் இறக்கிவிடுவாங்க. இறங்கினதும் ஆட்டோக்காரர் சூழ்ந்துக்குவாங்க, பதறாதீங்க. அங்கிருந்தே மாநகரப் பேருந்து இருக்கு. தாம்பரம் வந்துட்டா எலக்ட்ரிக் ரயில். 1931இலிருந்து கடற்கரை–தாம்பரம் தடத்தில் ஓடுது, ஏழைக்குக் கட்டுப்படியாகிற வண்டி. திருச்செந்தூர் ரயில்ல போனா தாம்பரத்துலயே இறங்கிக்கலாம்.

சைதாப்பேட்டை எம்.சி. ராஜா விடுதியில் இடம் கிடைச்சா, அந்தத் தடத்துலயே சைதாப்பேட்டை ஸ்டேஷன் வரும். மாநிலக் கல்லூரிக்குப் போக பார்க் ஸ்டேஷன்ல இறங்கி, பக்கத்துல பார்க் டவுனுக்கு நடந்து, பறக்கும் ரயில் பிடிச்சா சேப்பாக்கம். அதே ரயில் மயிலாப்பூர், திருவான்மியூர் வழியா வேளச்சேரி வரை போகும். 1995இல் சேப்பாக்கம் வரை, 1997இல் மயிலாப்பூர் வரை, 2007இல் வேளச்சேரி வரைன்னு துண்டு துண்டா நீட்டினது. மெட்ரோ 2015இல் வந்தது. குளுகுளுன்னு இருக்கும், காசும் அதிகம். அரசுக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இலவச பஸ் பாஸ் உண்டு, கூச்சப்படாம எழுதி வாங்குங்க. பெரம்பூர்லேர்ந்து பெசன்ட் நகர் போற 29சி பஸ்ல ஒரு நாள் கடைசி வரை போய்ப் பாருங்க. தொழிலாளி குடியிருக்கிற வடக்குலேர்ந்து பணக்காரன் காத்து வாங்குற கடற்கரை வரை, நகரம் யாருக்கு என்ன கொடுத்திருக்குன்னு ஒரே டிக்கெட்டில் தெரிஞ்சிரும்.

பெண் பிள்ளைகளே, 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் உங்களுக்கு டிக்கெட் இல்ல. ஓசி பஸ்னு எவனாவது சிரிச்சா நிமிர்ந்து பாருங்க. வரி கட்டுறது நம்ம அம்மாவும்தான். தீப்பெட்டிக்குக் கூடக் கட்டுறா.

இவ்வளவு சொன்னதால சென்னை சொர்க்கம்னு நினைச்சுட்டுப் போகாதீங்க. கண்டக்டர் கேக்காத கேள்வியை அந்த ஊர் வேற மாதிரி கேக்குது. கூவம் கரையில், அடையாறு கரையில், கடலோரத்தில் தலைமுறையா இருந்த சனத்தை 2000ஆம் ஆண்டிலிருந்து பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டினார்கள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். பெரும்பாலும் தலித் மக்கள். 2019 டிசம்பரில் தீவுத்திடல் அருகே சத்தியவாணி முத்து நகரை இடித்து, பெரும்பாக்கத்துக்கு ஏற்றினார்கள். சத்தியவாணி முத்து யார்? அமைச்சராக இருந்த தலித் பெண் தலைவர். பெயரை வைத்தவர்களும் அரசியல்வாதிகள்தான், இடித்ததும் அரசுதான்.

பெரும்பாக்கத்துலேர்ந்து விடிகாலை பஸ்ல ஒருமுறை வந்தேன். பஸ் முழுக்கப் பெண்கள். வீட்டு வேலைக்குப் போறவங்க, மீன் விக்கிறவங்க, துப்புரவுப் பணியாளர்கள். பக்கத்துல இருந்த அக்கா சொன்னாங்க: “முன்ன வேலை வீடு நடந்து போற தூரம் தம்பி. பசிக்குதுன்னா பிள்ளை ஓடி வந்துரும். இப்ப போக ஒண்ணரை மணி, வர ரெண்டு மணி. புள்ள என்ன செய்யிதுன்னு தெரியல.” டிக்கெட் இலவசம்தான். அந்த மூணரை மணி நேரத்தை யார் கொடுப்பா? அந்த அக்கா மகன் வேலை கேட்டுப் போனா விலாசத்தைப் பாத்ததும் முகம் மாறுதாம். நம்ம ஊர்ல எந்தத் தெருன்னு கேக்கிறதுக்கும் அங்க எந்த நகர்னு கேக்கிறதுக்கும் என்ன வித்தியாசம்?

தோழர்களே, முன்பு தீண்டாமை பஸ்ஸில் ஏறாதே என்றது. இப்போது ஏறிக்கொள், ஆனால் இருபது கிலோமீட்டர் தள்ளியிருந்து ஏறு என்கிறது. சேரியை ஊருக்கு வெளியே வைத்த அதே அறிவு, நகரத்தில் திட்டம் என்று பெயர் சூடிக்கொண்டிருக்கிறது. பஸ்ஸில் சமத்துவம் வேணும்னா வீடு பஸ்ஸுக்குப் பக்கத்தில் இருக்கணும். பள்ளியும் வேலையும் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கணும். இதையும் சேர்த்தே கேட்கணும்.

முடியுமா என்றால், முடியும். 1955 டிசம்பரில் அமெரிக்காவின் மாண்ட்காமரி நகரில் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் பஸ்ஸில் இடத்தை விட்டு எழ மறுத்தார். அந்த ஊர்க் கறுப்பின மக்கள் 381 நாள் பஸ் ஏறாமல் நடந்தார்கள். சட்டம் மாறியது. 2018 ஜனவரியில் தமிழ்நாட்டில் பஸ் கட்டணம் ஏறியபோது முதலில் தெருவில் இறங்கியவர்களில் மாணவர்கள் இருந்தார்கள். அது உங்க அண்ணன், அக்கா தலைமுறைதான்.

கடைசியா நம்ம ஊர். ஒரு காலத்தில் திருச்செந்தூருக்கும் திசையன்விளைக்கும் சின்ன ரயில் ஓடின ஊர் இது. 2024 பிப்ரவரி 28இல் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நட்டிருக்கிறார்கள். தசராவுக்குச் சிறப்புப் பேருந்துகள் வரிசையா நிக்குது. வரட்டும், சந்தோஷம். மற்ற நாளில் தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் இருந்து ராத்திரி திரும்புற நம்ம ஆத்தாளுக்கு பஸ் இருக்கா? நம்ம தெரு முக்கில் நிற்குதா, இல்ல ஊர்த் தெரு வாசல்ல நின்னுட்டு நேரா போயிருதா?

ஆளுக்கு ஒரு நோட்டு எடுங்க. உங்க குடியிருப்புலேர்ந்து ஸ்டாப் எவ்வளவு தூரம், கடைசி பஸ் எத்தனை மணி, நிற்காமல் போன பஸ் எத்தனைன்னு ஒரு மாசம் தேதி போட்டு எழுதுங்க. சென்னை போறவங்க அங்கேயும் எழுதுங்க. கோபம் நமக்கு நிறைய இருக்கு. தேதி போட்ட கணக்குதான் கையில் இல்ல. அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டோட வாங்க, மனு எழுதவும் மறியலுக்கு நாள் குறிக்கவும் அங்கிருந்து தொடங்குவோம்.