உலக அறிவியல் விழாவும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

அறிவியலைப் பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி என்று சிலர் எண்ணக்கூடும். நான் பள்ளி இறுதி வகுப்புடன் படிப்பை முடித்துக்கொண்டவன். சரக்கு அலுவலகத்தில் பேரேடு எழுதும் குமாஸ்தா. எனினும் இரண்டு பிள்ளைகளின் தந்தை என்ற உரிமையில், படித்தறிந்த சில செய்திகளை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1950-ஆம் ஆண்டு, 30 பள்ளி மாணவர்களைக் கொண்டு ஓர் அறிவியல் கண்காட்சி நடத்தப்பெற்றது. 1958-இல் பிற நாட்டு மாணவரும் அதில் சேர்ந்தனர். இன்று ‘ஐசெஃப்’ என்று சுருக்கமாக வழங்கும் பன்னாட்டு அறிவியல், பொறியியல் விழா அதுவே. 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை பயில்வோர் அதில் போட்டியிடுகின்றனர். அறுபதுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து 1,500-க்கும் அதிகமான மாணவ மாணவியர் கூடுகின்றனர். எம்.ஐ.டி. லிங்கன் ஆய்வுக்கூடத்தார் கண்டறிந்த சிறு கோள்களுக்கு, இவ்விழாவில் முதல், இரண்டாம் பரிசு பெற்றோரின் பெயர்கள் சூட்டப்பெற்றிருக்கின்றன. அவற்றுள் நம் நாட்டுப் பிள்ளைகளின் பெயர்களும் உண்டு. வானத்தில் பெயர் எழுதுவது என்பது வெறும் உவமை அன்று என்று இதனால் அறிகிறோம்.

பரிசைக் காட்டிலும் என் மனத்தைக் கவர்ந்தவை அவ்விழாவின் விதிகளே. நடுவர்கள் வரும் நேரத்தில் பெற்றோரும் ஆசிரியரும் மண்டபத்திற்குள் இருத்தல் கூடாது. கேட்கும் வினாவிற்கு மாணவரே விடை கூற வேண்டும். ஆங்கிலம் வாராதவர் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ளலாம். ஆய்வில் தாம் செய்தது எது, பிறர் உதவியது எது என்று பிரித்துக் காட்ட வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, அன்றன்று கண்டதை அன்றன்றே எழுதிய குறிப்பேடு அவர்களுக்குப் பெருந்துணை.

இக்குறிப்பேட்டின் அருமை எங்களைப் போன்ற குமாஸ்தாக்களுக்குத் தெரியும். வேகன் எப்பொழுது வந்தது, எப்பொழுது காலியாயிற்று என்பதை உடனுக்குடன் எழுதாவிட்டால் டெமரேஜ் கணக்கு நில்லாது. மாலையில் நினைவிலிருந்து எழுதிய எண்ணை எந்தத் தணிக்கையாளரும் நம்பமாட்டார். ஆராய்ச்சியும் அவ்வாறே. எதிர்பார்த்தது நடவாத நாளிலும் நடந்ததை அப்படியே எழுதுகிறவனே அறிவியலாளன் ஆகிறான்.

‘பெரிய ஆய்வுக்கூடங்களில் இடம் பிடித்தவர்களுக்கு அல்லவா இவையெல்லாம்?’ என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் குறை உண்மையே. ஆயினும் ஒரு சான்று கூறுகிறேன். ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்தில் தமன்ஜோடி என்று ஓர் ஊர் உண்டு. அங்குள்ள ஆலையின் அலுமினாவை நம் சரக்கு வண்டிகள் விசாகப்பட்டினம் துறைமுகத்திற்குக் கொண்டு செல்கின்றன. அவ்வூரில் பள்ளியிற் பயின்ற ஒரு சிறுமி, 2015-ஆம் ஆண்டு கூகுள் அறிவியல் போட்டியில், சமுதாயத்திற்குப் பயன் தரும் ஆய்வுக்கான பரிசாகிய 10,000 டாலரைப் பெற்றாள்.

அவள் எடுத்துக்கொண்ட பொருள் யாது? மணி உதிர்த்தபின் உழவர்கள் எறிந்துவிடும் மக்காச்சோளச் சக்கை! அதனைத் துண்டாகவும் பொடியாகவும் கரியாகவும் அடுக்கடுக்காக வைத்து, மணலும் சேர்த்து, கழிவு நீரை அதன் வழியே செலுத்தினாள். சக்கை நுண்ணிய துளைகள் நிறைந்தது. ஆகவே அழுக்கு ஒட்டிக்கொள்ள அதில் மிகுந்த இடம் உண்டு. சக்கையை விலை கொடுத்து வாங்க வேண்டுவதில்லை; உற்று நோக்கும் கண்ணே வேண்டியிருந்தது.

இனி நம் காலனிக்கு வருவோம். இங்கே 9-ஆம் வகுப்புப் பயிலும் ஒரு பெண், குழாய் நீர் மழைக்காலத்தில் ஏன் பழுப்பாக வருகிறது என்று ஆராயத் தொடங்கினாள். நாள்தோறும் ஒரு கண்ணாடிக் குப்பியில் நீர் பிடித்து, அடியில் தங்கும் வண்டலை அளந்து, 40 நாள் எழுதினாள். அவ்வாண்டு அவள் பள்ளிக் கண்காட்சியில் பரிசு பெற்றதோ, கடையில் வாங்கி வந்த தெர்மோகோல் எரிமலை! ‘இதனால் மதிப்பெண் வருமா?’ என்று வீட்டிலும் கேட்டார்கள். டியூஷனுக்கு நேரம் போதவில்லை என்று ஆய்வு நின்றது. அந்த நோட்டுப் புத்தகம் பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறியது. குழாய் நீர் மட்டும் இன்றும் மழை பெய்தால் பழுப்பாகவே வருகிறது.

அப்பெற்றோரை நான் குறை கூறேன். ஊரையும் உறவையும் விட்டு இத்தனை தூரம் வந்து பிழைக்கும் நமக்கு, பிள்ளைகளின் மதிப்பெண்ணே நிலமும் நகையும் ஆகும். அதனை இழக்க யாருக்குத் துணிவு வரும்? ஆனால் நாளொன்றுக்கு அரை மணி நேரம் ஆராய்ச்சிக்கு ஒதுக்குவதால் பாடம் கெட்டுவிடாது. ஏன், எவ்வாறு என்று கேட்டுப் பழகிய பிள்ளைக்குப் பாடமும் எளிதாகும் என்பதே என் எண்ணம்.

ஆகவே சங்கத்தாருக்கு மூன்று விண்ணப்பங்கள். முதலாவது, நூலக அறையை வாரத்தில் இரு மாலைகள் மாணவர் ஆய்வுக்குத் திறந்துவிட வேண்டும். இரண்டாவது, அடுத்த ஆண்டு விழாவில் சிறந்த குறிப்பேட்டிற்கு ஒரு பரிசு வழங்க வேண்டும். அழகிய மாதிரிப் பொருளுக்கு அன்று, குறிப்பேட்டிற்கே! அதனைத் தமிழிலும் எழுதலாம், தாம் பயிலும் மொழியிலும் எழுதலாம். மூன்றாவது, பரிசுக்குரியவர் யார் என்று தேர்ந்தெடுக்கும்பொழுது பெற்றோராகிய நாம் அனைவரும் வெளியே நிற்க வேண்டும். முதற்பரிசுத் தொகைக்கு என் சிறு பங்காக 500 ரூபாயை இன்றே பொருளாளரிடம் தந்துள்ளேன்.

மாணவச் செல்வங்களே! அரசின் ‘இன்ஸ்பயர் மானக்’ திட்டத்தில் தேர்வு பெறும் கருத்துக்கு, அதனைச் செய்து பார்ப்பதற்கென 10,000 ரூபாய் வழங்குகிறார்கள். உங்கள் தலைமையாசிரியரைக் கேளுங்கள். குழாயடியிலும் கொல்லையிலும் ரயில் பாதையோரத்திலும் வினாக்கள் காத்துக்கிடக்கின்றன. ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தேதியிட்டு எழுதத் தொடங்குங்கள்.

பெற்றோர்களே! அந்த நோட்டுப் புத்தகத்தை மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.