வரைபடத்தில் இல்லாத பளியர்

(சிவகிரியில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'பூர்வகுடிகள், ஐரோப்பியப் பயணிகள், தேசத்தின் தோற்றம்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று பேசுவேன் என எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். கொஞ்சம் பேசுகிறேன். ஆனால் இந்த மண்டபத்து வாசலில் நின்று மேற்கே பார்த்தால் தெரிகிறதே ஒரு மலை, அதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டுபிடித்தார், வாஸ்கோடகாமா இந்தியாவுக்குக் கடல்வழி கண்டுபிடித்தார் என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் நாம். காமா 1498இல் கிழக்கு ஆப்பிரிக்காவின் மாலிந்தியில் ஒரு மாலுமியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டார். அவர் கூட்டிவந்த வழியில்தான் கோழிக்கோடு வந்து சேர்ந்தார். அரபிகளும் குஜராத்திகளும் தலைமுறை தலைமுறையாகப் போய்வந்த வழி அது. வழி தெரிந்தவருக்கு 'வழிகாட்டி' என்று பெயர். வழி தெரியாமல் வந்தவருக்குக் 'கண்டுபிடித்தவர்' என்று பெயர்!

இதைச் சொற்குற்றம் என்று விட்டுவிடலாம், அது சட்டமாக ஆகாமல் இருந்திருந்தால். 1493இல் போப்பாண்டவர் ஒரு ஆணை போட்டு, புதிதாகக் காணப்படும் நிலங்களை ஸ்பெயினுக்கு எழுதிக் கொடுத்தார். 1823இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கண்டுபிடித்த நாட்டுக்கே நிலத்தின் மேல் உரிமை, பூர்வகுடிகளுக்கு அதில் குடியிருக்கும் உரிமை மட்டுமே என்று தீர்ப்பளித்தது. ஆஸ்திரேலியாவில் 1788இல் குடியேறியவர்கள், அது யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்றார்கள். அது பொய் என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது 1992இல், மாபோ வழக்கில். வத்திக்கான் அந்தக் கோட்பாட்டைக் கைவிட்டதாக அறிவித்தது 2023இல். அவசரப்படாத ஆட்கள்.

இங்கே அப்படி நடக்கவில்லையே, வெள்ளைக்காரன் வரிதானே வாங்கினான் என்று ஒரு தோழர் சென்ற வாரம் என்னிடம் கேட்டார். சமவெளிக்கு அது பெருமளவு சரி. மலைக்குச் சரியில்லை.

1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்ற இரண்டு ஆங்கில இராணுவ அதிகாரிகள் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்து வரைபடம் போட்டார்கள். இந்த மலைத்தொடரின் நெடுகிலும் அந்த வேலை நடந்தது. எந்த ஓடையில் கோடையிலும் தண்ணீர் கிடக்கும், யானைத் தடம் எது, எந்தப் பாறையைச் சுற்றிப் போகலாம் என்று அறிந்த மனிதர்கள் இல்லாமல் வெளியூர்க்காரன் எவனும் இந்தக் காட்டில் நாலு நாள் தாக்குப்பிடிக்க முடியாது. இன்றைக்கும் முடியாது. அப்படி அறிந்தவர்கள் மலையிலேயே இருந்த பளியர், காணி, மன்னான், ஊராளி மக்கள். வரைபடம் முடிந்தபோது அதில் முகடு இருந்தது, ஆறு இருந்தது, எல்லைக்கோடு இருந்தது. கோட்டுக்கு மேற்கே ஒரு அரசு, கிழக்கே ஒரு அரசு. மலையில் இருந்தவர்களுக்கு இரண்டு பக்கமும் இடமில்லை.

1886இல் திருவிதாங்கூர் மன்னரும் ஆங்கில அரசும் பெரியாற்று அணைக்காக ஒப்பந்தம் போட்டார்கள். 8000 ஏக்கர், 999 ஆண்டு, ஏக்கருக்கு 5 ரூபாய் குத்தகை. அந்தப் பள்ளத்தாக்குக் காட்டில் வாழ்ந்த மக்கள் அந்தப் பத்திரத்தில் எந்தத் தரப்பும் இல்லை. பெரியாறு பிறப்பது நம் சிவகிரி மலையில் என்று படித்திருக்கிறோம். அது இரு மாநில ஆறா, கேரளத்து ஆறு மட்டுமா என்று உச்ச நீதிமன்றம் வரை வாதாடினார்கள். 1956இல் மொழிவழி மாநிலம் வந்தபோது செங்கோட்டை நமக்கு, தேவிகுளம் பீர்மேடு அவர்களுக்கு என்று சண்டை போட்டோம். கோட்டுக்கு அந்தப் பக்கம் குமுளியிலும் பளியர், இந்தப் பக்கம் நம் தலையணையிலும் கருப்பாநதியிலும் பளியர். இரண்டு மாநிலத்துப் பழங்குடிப் பட்டியலிலும் அவர்கள் பெயர் இருக்கிறது. கோட்டை எங்கே போடலாம் என்று மட்டும் யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

யாருமற்ற நிலம் என்று ஆஸ்திரேலியாவில் இலத்தீனில் சொன்னார்கள். நமக்குப் புறம்போக்கு, ஜமீன் காடு, காப்புக்காடு என்று மூன்று சொல் கிடைத்தது. சிவகிரி முதலில் பாளையம், பிறகு ஜமீன். 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. 2015இல் நெல்லை வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பாளையக்காரர், கம்பெனி, ஜமீன், சுதந்திர அரசு என்று உடைமைக்காரர் மாறிக்கொண்டே இருந்தார். தேன் எடுக்கப் போகிறவர் மட்டும் ஒவ்வொரு முறையும் அத்துமீறி நுழைந்தவராகவே இருந்தார்.

இனி கொஞ்சம் சங்கடமான விஷயம். நம்மைப் பற்றியது.

இந்த வட்டாரம் முதல் விடுதலைப் போரின் மண் என்று சொல்லிக்கொள்கிறது. நெற்கட்டும்செவல் பக்கத்தில்தான் இருக்கிறது. பூலித்தேவரை ஒரு சாதி தன்னுடையவராக்கியது. அவருடைய படைத்தளபதி ஒண்டிவீரனை வரலாறு மறைத்தபோது அருந்ததியர் இயக்கங்கள் போராடி மீட்டன. பாளையங்கோட்டையில் மணிமண்டபம் வந்தது, 2022இல் அஞ்சல்தலையும் வந்தது. அந்த மீட்பு நியாயமானது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இந்தப் போட்டியின் விதி என்ன? வாள் தூக்கியவனுக்குத்தான் தேசத்தில் பங்கு என்பது. அந்த விதியை எழுதியது நாமில்லை, ஆண்ட பரம்பரை பேசுகிறவர்கள். அந்த விதிப்படி பளியருக்கு என்றைக்கும் பங்கு கிடையாது. அவர்களிடம் அரசனும் இல்லை, படையும் இல்லை.

பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1960களின் தொடக்கத்தில் பளியருடன் தங்கி ஆய்வு செய்தார். ஒருவர் மேல் இன்னொருவர் அதிகாரம் செலுத்துவதை அவர்கள் ஏற்பதில்லை, சண்டை வந்தால் அடிப்பதைவிட விலகிப் போவதையே விரும்புகிறார்கள் என்று எழுதினார். தலைமுறைக்கணக்காகச் சாதி ஒழிப்பு பேசுகிற நாம், மேல் கீழ் வைக்காத ஒரு சமூகம் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் இருந்ததை அமெரிக்கர் எழுதித்தான் தெரிந்துகொள்கிறோம். அவரையும் 'கண்டுபிடித்தவர்' கணக்கில் சேர்த்துவிடலாம் போலிருக்கிறது. தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதி போட்டாரே, மூக்கையும் மண்டையையும் அளந்து, அதற்கு இது எவ்வளவோ மேல்.

'ஆதி' என்ற சொல் நம் இயக்கத்தின் ஆயுதம். ஜோதிராவ் புலே 1873இல் 'குலாம்கிரி' எழுதினார். அயோத்திதாசர் நம்மைப் பூர்வத் தமிழர் என்றார். 1922இல் ஆதிதிராவிடர் என்ற பெயரை அரசே ஏற்றது. இழிபெயரைத் தூக்கி எறிய அந்தச் சொல் தேவைப்பட்டது. புலே தன் நூலை, அடிமை முறையை ஒழித்ததற்காக அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அதே ஆண்டுகளில் அந்த நாடு தன் பூர்வகுடிகளை ஒதுக்குநிலங்களுக்குள் அடைத்துக்கொண்டிருந்தது. புலேயைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. ஒருவருக்கு விடுதலை தந்த தேசம் இன்னொருவர் நிலத்தின் மேல் நிற்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன். இன்றைக்கு இந்திய அரசு, இந்தியர் எல்லோருமே பூர்வகுடிகள்தான் என்று ஐ.நா.வில் சொல்கிறது. சங் பரிவாரம் ஆதிவாசி என்ற சொல்லையே எடுத்துவிட்டு வனவாசி என்கிறது. எல்லோரும் ஆதி என்றால் யாருக்கும் தனியாக உரிமை தர வேண்டியதில்லை அல்லவா?

நானும் தப்பித்துக்கொள்ள முடியாது. ஆய்வுக்காக மலைக்குப் போனபோது ஒரு பெரியவர் முன்னால் நடக்க, நான் பின்னால் நடந்தேன். ஒரு பாறையில் உட்கார்ந்ததும் போனில் வரைபடத்தைக் காட்டினேன். "தம்பி, எங்க தேம்பாறைக்கு இதுல என்ன பேரு போட்டிருக்கான்?" என்று கேட்டார். பெரிதாக்கிப் பார்த்தேன். உயரம் காட்டும் ஒரு எண் மட்டும் இருந்தது. அவர் அங்கிருந்தே கைநீட்டிக் காட்டிய இடங்களுக்கெல்லாம் பெயர் சொன்னார். இருபத்திரண்டு பெயர் எழுதினேன். அவரைப் பற்றி என் ஆய்வேட்டில் எங்கே எழுதியிருக்கிறேன் தெரியுமா? நன்றியுரையில்.

அந்த இருபத்திரண்டு பெயர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டத்தின் விதி 13, உரிமைக் கோரலுக்கு எவையெல்லாம் சான்று என்று சொல்கிறது. கெசட்டியர், நில அளவை அறிக்கை, வரைபடம் போன்ற பழைய ஆவணங்கள் சான்று. கோரிக்கை வைப்பவர் அல்லாத ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்லி, அதை எழுதிவைத்தால் அதுவும் சான்று. வழிபாட்டு இடமும் இடுகாடும் சான்று. துரை எழுதியதையும் தேன் எடுக்கும் பெரியவர் சொன்னதையும் சட்டம் ஒரே பட்டியலில் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2008இல் உயர் நீதிமன்றம் போட்ட தடையால் 2016 வரை பட்டா கொடுப்பது நின்று கிடந்தது. தடை நீங்கி இத்தனை ஆண்டு ஆகிறது. கோரல் முதலில் கிராம சபைக்கு வர வேண்டும், அங்கே வன உரிமைக் குழு இருக்க வேண்டும். எத்தனை ஊராட்சியில் அந்தக் குழு உயிரோடு இருக்கிறது என்று இங்கே உட்கார்ந்திருக்கும் ஊராட்சி உறுப்பினர்களே சொல்லட்டும்.

ஆவணக் காப்பகத்தில் நில அளவை ஏடுகளைப் படித்து, இந்த மலைகளைப் பற்றிய பக்கங்களைப் படியெடுத்துத் தருவது என் பொறுப்பு. பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதத்தான் ஆள் வேண்டும். எழுதியதை அவர்களுக்கே வாசித்துக் காட்டி, அவர்கள் சரி என்ற பிறகே கைநாட்டு வாங்க வேண்டும். அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்குப் புறப்படுகிறோம். வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.